தொண்ணூற்றேழு மதிப்பெண்ணும் எலீசியோவின் மூக்கும்

எலீசியோ லாபார்பெரா லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். டாம்பா நகரத்தில் அவர் ஏறி இறங்காத பழைய கட்டடம் இல்லை. மோட்டார் அறைக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார், மீட்டரை அப்புறம்தான் எடுப்பார் என்று அவருடைய பழைய சகாக்கள் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. மீட்டர் காட்டிக் கொடுத்ததை மூக்கின் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கவும் கூடும். பெருமையடிப்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

ஏழாவது அவென்யூவில் டெல்ஃபினாவின் சுருட்டுக் கடை இருக்கிறது. முன்னால் விற்பனை, பின்னால் தோல் நாற்காலிகள் போட்ட கூடம். எலீசியோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும் ஒரே சுருட்டைப் பற்ற வைப்பார். கறுத்த இலை சுற்றிய குட்டைச் சுருட்டு. விலையும் குறைவு. சுருட்டுப் பத்திரிகைக்காரர்கள் ஒருமுறை அதற்கு நூற்றுக்கு எண்பத்துநாலு போட்டிருந்தார்கள். "எண்பத்துநாலா? அந்த ஆளுக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்று அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அலமாரியில் ஒவ்வொரு சுருட்டுக்கும் கீழே மதிப்பெண்ணும் ருசியும் எழுதிய அட்டை இருக்கும். அதை எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அப்பா கூரை போடுகிறவர். அம்மா ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறார். இலக்கியம் படித்தவளுக்குச் சுருட்டுக் கடையில் என்ன வேலை என்று அம்மா இன்னும் கேட்கிறார்.

ஜனவரியில் ஆண்டின் சிறந்த சுருட்டுகளின் பட்டியல் வெளியாகும். முதலிடம் பிடித்ததில் ஒரு பெட்டியை டெல்ஃபினா எப்படியாவது வரவழைத்துவிடுவார். வியாழக்கிழமை மதியம் கூடத்தில் எல்லோரும் ஒன்றாகப் பற்ற வைப்பார்கள். வழக்கறிஞர் ப்ரூஸ்டர் பத்திரிகையில் எழுதியிருப்பதை முதலில் உரக்கப் படிப்பார். கொஞ்ச நேரம் இழுத்த பிறகு ஆளுக்கொரு ருசி சொல்ல வேண்டும். அதுதான் கடையின் வழக்கம்.

இந்த ஆண்டு முதலிடத்துக்குத் தொண்ணூற்றேழு.

"தோல், வறுத்த பாதாம், கோக்கோ. முடிவில் மெல்லிய ஆரஞ்சு மணம்" என்று படித்து, ப்ரூஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சுருட்டைப் பத்தி எழுதியிருக்கானா, கல்யாண விருந்தைப் பத்தியா?" என்றார் கார்வெல். அவர் முடிதிருத்துகிறவர், எதிர்ச்சாரியில் கடை.

எல்லோரும் பற்ற வைத்தார்கள். பிறகு ருசி சொல்லும் முறை வந்தது. ப்ரூஸ்டர் "தோல்" என்றார். டெல்ஃபினா "பாதாம்" என்றார். கார்வெல் கண்ணை மூடி, "ஆரஞ்சு. அதுவும் நம்ம ஊர் ஆரஞ்சு" என்றார். எலீசியோ சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, முதல்முறையா உனக்குப் பேச்சு வரலையா?" என்றார் கார்வெல்.

"கோக்கோ" என்றார் எலீசியோ.

அன்று அவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. முழங்கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் ஒரு காலையில், நான் கடையைத் திறக்கும்போது வாசலில் நின்றிருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"கண்ணு, ஒரு உதவி செய்யணும். டெல்ஃபினாவுக்குத் தெரிய வேண்டாம்."

"சொல்லுங்க."

"நாலு சுருட்டு எடு. நல்லதும் எடு, மட்டமானதும் எடு. சுத்தியிருக்கிற காகிதப் பட்டையை உருவிடு. எது எதுன்னு என்கிட்ட சொல்லாத."

விளையாட்டு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். பற்ற வைக்காமலே ஒன்றை முகர்ந்து, "இது என்னுது" என்று ஒதுக்கி வைத்தார். அது அந்த எண்பத்துநாலேதான். அடுத்ததைப் பற்ற வைத்து, மிளகுக் காரம் என்றார். இன்னொன்று பழைய மரப்பெட்டி வாசனை என்றார். இரண்டும் சரி. நான்காவதை இழுத்தார். திரும்ப இழுத்தார். புகையை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி. வேற ஒண்ணுமே இல்ல. இதானே அந்தத் தொண்ணூத்தேழு?"

தலையாட்டினேன். அவர் நாற்காலியில் சரிந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டில்லை என்று உறைத்தது.

"என் அண்ணன் ரெனே இருக்கான்ல, அவனுக்கு முதல்ல மூக்குதான் போச்சு. பூண்டு வதக்குனா தெரியும், ஆனா பூ வாசனை தெரியாது. நாங்கல்லாம் கேலி பண்ணோம். அப்புறம் கை ஆட ஆரம்பிச்சுது. இப்ப ஸ்பூனைப் பிடிக்க முடியல, அண்ணிதான் ஊட்டுறாங்க. நடுக்குவாதம் சில பேருக்கு மூக்குலதான் ஆரம்பிக்குமாம். அவனோட டாக்டர் சொன்னாரு."

"மத்த மூணையும் சரியா சொன்னீங்களே!"

"அது காரமானது, பழகினது. மெல்லிசு எல்லாம் போயிடுச்சு. எல்லாருக்கும் பாதாம் தெரியுது, ஆரஞ்சு தெரியுது. எனக்கு மட்டும் அட்டைப்பெட்டி."

"வீட்டுல எல்லாம் வாசனை தெரியுதா?"

அவர் எரிச்சலோடு சிரித்தார். "ஒரு வாரமா அதானே வேலை! சோப்பை மோந்து பார்க்கறேன், வீட்டுக்காரி நில்டாவோட தலையணையை மோந்து பார்க்கறேன். அவ என்னமோ எனக்குத் திடீர்னு ஆசை வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. காப்பி டப்பாவைத் திறந்தா காப்பி வாசனை வருது. ஆனா டப்பா மேலதான் காப்பின்னு எழுதியிருக்கே! மூக்கு சொல்லுதா, மண்டை சொல்லுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அன்னைக்குக் கோக்கோன்னு சொன்னீங்களே?"

"ப்ரூஸ்டர் படிச்சதுல அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

டாக்டரிடம் போகச் சொன்னேன். டாக்டர் வாயால் கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடும் என்றார். நில்டாவிடமும் சொல்ல மாட்டேன் என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தன்னுடைய குட்டைச் சுருட்டுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு அந்தத் தொண்ணூற்றேழின் கீழே நான் எழுதி வைத்திருந்த அட்டையைப் பார்த்தேன். தோல், பாதாம், கோக்கோ, ஆரஞ்சு. வியாழனன்று நானும் அதில் சில இழுப்பு இழுத்திருந்தேன். எனக்கு என்ன தெரிந்தது? யோசித்து யோசித்துப் பார்த்தேன். ப்ரூஸ்டரின் குரல்தான் நினைவுக்கு வந்தது. கல்லூரியில் ஒரு கதையைப் படித்ததும், அதைப் பற்றிப் பெரியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்துவிட்டுத்தான் வகுப்பில் கையைத் தூக்குவேன். மற்ற பிள்ளைகள் வீட்டிலிருந்தே அபிப்பிராயங்களோடு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என் வீட்டில் அபிப்பிராயம் சொல்ல யாருக்கும் நேரம் இருந்ததில்லை. எனக்குப் பிடித்திருந்ததா, பிடிக்க வேண்டும் என்று சொன்னார்களா என்பதை அப்போதே எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எலீசியோவுக்கு மூக்கில் வந்த சந்தேகம் எனக்கு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

வியாழக்கிழமை வந்தது. எலீசியோவும் வந்தார், சட்டையை இஸ்திரி போட்டு, தலையை வாரி. பெட்டியில் மீதி இருந்ததில் ப்ரூஸ்டர் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்.

"மறுபடியும் தொண்ணூத்தேழு! வருஷத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும்போதுதான் இப்படி வாய்க்கும்" என்றார்.

எலீசியோ சுருட்டை வாங்கிக்கொண்டார். ஆனால் பற்ற வைக்கவில்லை.

"எனக்குக் கொடுத்து வீணாக்காதீங்கப்பா. போன வாரம் பொய் சொன்னேன். எனக்குக் கோக்கோவும் தெரியல, கோழிக்கறியும் தெரியல. அட்டைப்பெட்டி மாதிரி இருந்துச்சு. மூக்கு போயிடுச்சு. ரெனேவுக்கு வந்தது எனக்கும் வருது. இனிமே நான் இங்க வந்து உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கிட்டிருக்க முடியாது. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

ரெனேவை அங்கே எல்லோருக்கும் தெரியும். நோய் வருவதற்கு முன் ரெனேவும் அதே நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தார். ப்ரூஸ்டர் மெல்ல, "நல்ல டாக்டர் ஒருத்தரை எனக்குத் தெரியும்" என்றார். டெல்ஃபினா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்வெல் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேலி செய்ய வாய் திறக்காத கார்வெலை நான் அதுவரை பார்த்ததில்லை.

எனக்கு அப்போதுதான் சாம்பல் தட்டுகள் ஞாபகம் வந்தன. போன வியாழன் மாலை அவற்றைக் கொட்டிக் கழுவியது நான்தான். நல்ல சுருட்டாக இருந்தால் விரல் சுடும்வரை இழுப்பார்கள். கடைசித் துண்டைப் பல்குச்சியில் குத்திப் பிடித்து இழுக்கிற ஆள் கார்வெல். அன்றைக்குத் தட்டுகளில் கிடந்ததெல்லாம் நீளமாக இருந்தன. கொட்டும்போது குப்பைக் கூடை சீக்கிரம் நிறைந்துவிட்டதே என்று மட்டும்தான் நினைத்தேன்.

"ஒண்ணு கேட்கலாமா?" என்றேன். "போன வாரம் எல்லாருமே பாதிக்கு மேல விட்டு வச்சிருந்தீங்களே. ஏன்?"

ப்ரூஸ்டர் பக்கத்திலிருந்த சாம்பல் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எலீசியோ மட்டும் இல்ல. எல்லாத் தட்டும்தான். நான்தானே கொட்டினேன்."

கார்வெல் ஒரு பெருமூச்சு விட்டார். "அட, கடவுளே! அட்டைப்பெட்டின்னு சொன்னியே, நனைஞ்ச அட்டைப்பெட்டியா, காஞ்ச அட்டைப்பெட்டியா?"

"நனைஞ்சது" என்றார் எலீசியோ.

"அதேதான்! அதேதான்யா! எனக்கு முடி வெட்டி வெட்டி நாக்கு செத்துப் போச்சுன்னு நினைச்சேன்."

"அப்ப ஆரஞ்சு? நம்ம ஊர் ஆரஞ்சுன்னு சொன்ன?"

"நான் வேற என்னத்தைச் சொல்றது? தோலை அவர் எடுத்துக்கிட்டாரு, பாதாமை இவங்க எடுத்துக்கிட்டாங்க!"

டெல்ஃபினா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தப் பெட்டியை வரவழைக்க நான் எத்தனை பேர்கிட்ட கெஞ்சினேன் தெரியுமா? அதனால எனக்குப் பாதாம் தெரிஞ்சே ஆகணும்னு இருந்தேன்."

எல்லோரும் ப்ரூஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பத்திரிகைக்காரர்கள் பட்டையில்லாமல் இழுத்துப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள் என்றும், இலை காலப்போக்கில் மாறும் என்றும், இந்தப் பெட்டி மட்டும் சரியில்லாமல் போயிருக்கலாம் என்றும் வாதாடினார். வாதம் நன்றாகத்தான் இருந்தது.

"வக்கீல் சார், உங்க தட்டுல கிடந்தது எவ்வளவு நீளம்?" என்று கார்வெல் கேட்டார்.

ப்ரூஸ்டர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு விரல்களை விரித்துக் காட்டினேன். நன்றாகவே விரித்தேன்.

"தோல் இருந்துச்சு" என்றார் அவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "செருப்புத் தோல்" என்றார்.

எலீசியோ தோளில் இருந்து மூட்டையை இறக்கினவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி விரல்களையே பார்த்தார். விரல்கள் ஆடாமல் இருந்தன. பிறகு அந்தத் தொண்ணூற்றேழை ப்ரூஸ்டரின் மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து தன் குட்டைச் சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார்.

ஆனாலும் டாக்டரிடம் போகத்தான் செய்தார். இந்த முறை நில்டாவிடம் சொன்னார். சொல்லாமல் இருந்ததற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். திரும்பும் வழியில் இருவரும் கடைக்கு வந்தார்கள். நடந்ததை நில்டாதான் சொன்னார். சுரண்டினால் வாசனை வருகிற தாள்களைக் கொடுத்து, என்ன வாசனை என்று கேட்டார்களாம்.

"எல்லாத்தையும் சரியா சொல்லிட்டாரு. ஒண்ணுல மட்டும் சண்டை. விடையில புகைன்னு போட்டிருக்கு. இவர் இது புகையே இல்ல, மோட்டார்ல ரப்பர் கருகுற நாத்தம்னு சாதிக்கிறாரு. தாளைக் கொடுத்த பொண்ணு, சார், விடையில அப்படித்தான் போட்டிருக்குங்குறா. இவர், விடையை எழுதினவனுக்குச் சளி பிடிச்சிருக்கும்ங்குறாரு. வெளியில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க! டாக்டர் வந்து, உங்க வயசுக்கு மூக்கு அருமையா இருக்கு, தயவுசெஞ்சு கிளம்புங்கன்னாரு."

"ரப்பர்தான் அது" என்றார் எலீசியோ.

"சரி, ரப்பர்தான்" என்று நில்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை அவர் பேசி முடிக்கும் வரை விடவில்லை.

அன்று மாலை அலமாரியிலிருந்து அந்த அட்டையை எடுத்தேன். மதிப்பெண்ணை அப்படியே விட்டேன். அது பத்திரிகைக்காரர்கள் கொடுத்தது, அவர்கள் பாடு. ருசியை மட்டும் அடித்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்ற வைத்து, யாரும் எதுவும் படித்துக் காட்டாமல் உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டி என்று எழுதவும் பேனா ஓடவில்லை. அது எலீசியோவின் சொல். ரொம்ப நேரம் கழித்து எனக்கு ஒன்று தோன்றியது. மழை பெய்து முடிந்த பிறகு அப்பா கழற்றி வைக்கிற வேலைக் கையுறை. அதை எழுதி, அட்டையைத் திரும்ப வைத்தேன்.

டெல்ஃபினா படித்துப் பார்த்தார். "இதைப் படிச்சுட்டு யாராவது வாங்குவாங்களா?" என்றார். ஆனாலும் அட்டையை அலமாரியிலிருந்து எடுக்கவில்லை.