தம்பிக்கு அளந்து விட்ட காற்று

தாம்பரத்தை அடுத்த ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், வென்டிலேட்டரின் குமிழில் டாக்டரம்மா விரலை வைத்திருந்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஒரே ஒரு சொடுக்கு திருப்புவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, என் தம்பியின் நெஞ்சையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்பார். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் சூரத், திருப்பூர் என்று ஊர் ஊராக அலைந்திருக்க மாட்டேனோ என்னவோ.

தம்பி ராஜகீழ்ப்பாக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். நிமோனியா முற்றி இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்துவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன், அப்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் வேலை. காற்றைப் பற்றி எனக்குத் தெரியாததா? பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது, டாக்டரம்மா காற்றழுத்தத்தைக் குறைப்பதைக் கண்டு பதறிவிட்டேன்.

"இன்னா மேடம், கொறைக்கிறீங்க? காத்து பத்தாமதானே படுத்துகினு கீறான்? ஏத்தி வைங்க."

என் நகக்கண் கறுப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணா, இது டயர் இல்ல. நீர் கோத்த இடம் லேசுல திறக்காது. ரொம்ப ஏத்தினா, மிச்சம் இருக்கிற நல்ல பகுதிதான் விரிஞ்சு கெட்டுப்போகும். ரொம்பக் கொறைச்சா திறந்த இடமும் மூடிக்கும். நடுவுல அவருக்குன்னு ஒரு அளவு இருக்கு, அதைத்தான் தேடிட்டிருக்கேன். இப்போ அவருக்கு வேலை செய்யறது ஒரு குழந்தையோட நுரையீரல் அளவுதான்."

அந்தச் சொல் குத்தியது. அவனைக் குழந்தையாக இடுப்பில் தூக்கித் திரிந்தவன் நான். சளி கட்டினால் எந்தப் பக்கம் படுக்க வைத்தால் அவன் மூச்சு சீராகும் என்பது எனக்குத்தான் தெரியும். இப்போது அதைத் தேடிக் கண்டுபிடிப்பது வேறொருவர். ஏற்றுவார், காத்திருப்பார், மெஷினில் அவன் மூச்சை ஒரு கணம் நிறுத்தித் திரையில் வரும் எண்ணைப் படிப்பார், இறக்குவார். நான் வராந்தாவில் துண்டை விரித்துக் கிடந்தேன். அது ஒன்றும் பெரிதில்லை, பஸ் ஸ்டாண்டுகளில் படுத்துப் பழகிய உடம்பு. அவன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்; அந்த அம்மாவால் பிழைத்துவிடுவானே என்ற எரிச்சலும் கூடவே இருந்தது.

பிழைத்தான். குழாயை எடுத்த பிறகு கரகரவென்று குரல் வந்தது. காதைக் கொண்டுபோனேன்.

"டாக்டரம்மா சாப்ட்டாங்களா?"

"நானுந்தான்டா சாப்டல," என்றேன். சிரிக்கப் பார்த்து இருமினான்.

போன மாதம் திருநீர்மலைக்குப் போனோம். டாக்டரம்மா பெயருக்கு அர்ச்சனை செய்ய வேண்டுமாம். பாதி மலையில் அவனுக்கு மூச்சு வாங்கியது. படியில் உட்கார்ந்துகொண்டு அவன் எனக்கு விளக்கினான்.

"மெதுவா, உக்காந்து உக்காந்துதான் ஏறணும்ணா. டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

முதல் படியிலிருந்து அதையேதான் நான் சொல்லிக்கொண்டு வந்தேன்.