இணைப்பில் இல்லாத நான்கு வரிகள்

உள்ளூராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். பொது மண்டபத்தில் யார் ஆடினாலும் பாடினாலும் அதற்கான தாள் என் மேசையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும், எங்கள் ஊர் பத்தாங் காலியில் யாராவது சாலையோரம் கூடாரம் போடுவதென்றால் முதலில் என் வீட்டு கேட்டைத்தான் தட்டுகிறார்கள். என் மருமகள், தங்கை பெற்றவள், மட்டும் தட்டவில்லை. அவள் நிகழ்ச்சியை முதலில் முகநூலில் அறிவித்துவிட்டு, மண்டபக் காவலாளி அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்ட பிறகு வந்தாள்.

பகலில் அவள் புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மிச்ச நேரமெல்லாம் பாடகி. ரப்பர் தோட்டத்துச் சாவு வீடுகளிலும் சடங்கு வீடுகளிலும் பாடுகிற மெட்டுகளை எடுத்து, அவற்றுக்குத் தானே வரி கட்டி, கிட்டார், டிரம்ஸ், ஒரு தப்பு மேளம் ஆகியவற்றோடு பாடுவாள். இதற்கு ஃபோக் ராக் என்று பெயராம். முதல் தடவை கேட்டபோது லோரி பின்பக்கமாக வருகிறதோ என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

கலை வாழ்க்கையை அவள் கல்யாண மண்டபங்களில்தான் தொடங்கினாள். ஓர் இசைக்குழுவில் சினிமாப் பாட்டு. ஒரு வரவேற்பில் கேக் வெட்டுவதற்கு முந்திய இடைவெளியில், தோட்டம் விற்கப்பட்டு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை இடித்த கதையைச் சொந்தப் பாட்டாகப் பாடிவிட்டாள். மணமகளின் சித்தப்பா தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார். இசைக்குழுத் தலைவர் அன்றே அவளை அனுப்பிவிட்டார். அடுத்து பக்கத்து ஊரான ராசாவில் ஒரு காப்பிக் கடை, ஞாயிறு காலைகளில். கேட்பவர்களின் வாய் முழுக்க ரொட்டி சானாய். "கொஞ்சம் மெதுவா பாடு லா தங்கச்சி, ஆர்டர் கேக்க மாட்டுது" என்று கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்துவார். ஓராண்டு அங்கே பாடியதில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் டிரம்ஸ் வாசிக்கும் தோழி. தேவாலயத்தில் வாசித்துப் பழகிய பெண். அந்தக் குழுவில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே ஆளும் அவள்தான்.

இப்போது முதன்முதலாக அவள் பாட்டுகள் மட்டுமே உள்ள நிகழ்ச்சி. பன்னிரண்டு பாட்டு, ஞாயிறு பிற்பகல், ராசா பொது மண்டபம். விண்ணப்பதாரர் பதிவு பெற்ற சங்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். ஆகவே கையெழுத்து என்னுடையது, தலைவலியும் என்னுடையது.

படிவத்தோடு ஒவ்வொரு பாட்டின் வரிகளையும் மலாய் மொழிபெயர்ப்பையும் இணைக்க வேண்டும். இணைப்பில் இல்லாததைப் பாடினால் நிகழ்ச்சி அங்கேயே நிறுத்தப்படும். பாடியவருக்கு ஓராண்டு எந்த மண்டபமும் கிடைக்காது. அந்த விதியை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைக் கடைசிப் புள்ளி வரை கடைப்பிடித்தவன் நான். அந்த ஓராண்டுக்குப் பிறகு திரும்பி வந்து விண்ணப்பித்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் காப்பீடு விற்கப் போய்விட்டார்கள்.

"வரிகளைக் கொண்டுவா" என்றேன்.

"எழுதி வைக்கல மாமா. எழுதுனா பாட்டு செத்துரும்."

"செத்தா பரவாயில்ல. ரெண்டு காப்பி எடுத்துக் கொண்டா."

கடைசியில் அவள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாட, நான் எழுதினேன். இரண்டாம் தடவை சரிபார்க்கப் பாடச் சொன்னால் வேறு மாதிரி பாடினாள். "அங்க மூனு தென்ன மரம்னு சொன்ன, இப்ப அஞ்சுங்கிற?" என்று கேட்டேன். "கூட்டத்தப் பாத்து மாத்துவேன் மாமா" என்றாள். கூடத்தில் கூட்டமென்று நானும் என் தங்கையும் பூனையும்தான் இருந்தோம். பன்னிரண்டு பாட்டுக்கு நான்கு சனிக்கிழமைகள் போயின. மூன்று தென்னை மரம் என்று முடிவு செய்து மலாயில் எழுதினேன்.

ஏழாவது பாட்டில்தான் அந்த நான்கு வரிகள் வந்தன.

*சைக்கிள விட்டு எறங்காத கிராணி*
*சாவு வூட்டுக்கும் எறங்கல*
*காலு ஒன்னு பெடல்ல, காலு ஒன்னு மண்ணுல*
*நாளைக்கு வேலைன்னு சொல்லிட்டுப் போனான்*

கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர் எங்கள் அப்பா. அலுவலக எழுத்தர்தான், ஆனால் லயத்து மக்களுக்குத் துரைக்கு அடுத்தவர். தங்கை பிற்பாடு அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர் மகனைக் கட்டிக்கொண்டாள். சாவு நடந்தது அவள் கணவரின் பெரியப்பா வீட்டில். கதை அந்தப் பக்கமிருந்து மருமகளுக்கு வந்திருக்கிறது.

பேனாவை மூடி வைத்தேன். "இது வேணாம்."

"ஏன் மாமா, பொய்யா?"

"பொய்யா நிஜமாங்கிறது கேள்வி இல்ல. இணைப்புல எதப் போடறதுங்கிறது விண்ணப்பதாரர் பொறுப்பு."

என் தங்கை சமையலறையிலிருந்து, "அண்ணே, ஒங்களுக்கு அப்பாவும் ஒரு இலாகா" என்றாள். மருமகள் கிட்டாரைப் பையில் போட்டாள். சரி என்றாளா, வெறுமனே தலையை ஆட்டினாளா என்று கவனிக்கவில்லை. எழுத்து மூலம் வாங்காமல் வாய்மொழி ஒப்புதலை நம்பினேன். முப்பத்தொரு ஆண்டுகள் பிறருக்கு நான் மன்னிக்காத தவறு அது.

நிகழ்ச்சியைக் கண்காணிக்க மன்றத்திலிருந்து வந்த அதிகாரி எனக்குக் கீழே பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்த தமிழ்ப் பெண். முன்வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இணைப்பை மடியில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பழக்கிய முறைதான். தென்னை மரங்கள் ஐந்தானபோது பென்சில் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓரத்தில் சிறு கோடு போட்டுவிட்டு நகர்ந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. பழைய தோட்டங்களிலிருந்து தாமான் குடியிருப்புகளுக்கு மாறிய குடும்பங்கள், வயசாளிகள், மருமகளின் தொழிற்சாலைக் கூட்டம். ஏழாவது பாட்டில் முதல் சரணம் முடிந்தது, இரண்டாவது முடிந்தது. அடுத்து இணைப்புப்படி பல்லவிக்குத் திரும்ப வேண்டும். அவள் கூட்டத்தைப் பார்த்தாள்.

சைக்கிள விட்டு எறங்காத கிராணி, என்று ஆரம்பித்தாள்.

நான்காவது வரி முடிந்ததும் பின்வரிசையில் ஒரு கிழவி, "எங்க கிராணியும் அதே சாதிதான்டி, பாடு!" என்று கூவினாள். சிரிப்பும் கைத்தட்டலும் ஒன்றாகக் கிளம்பின. தப்பு அடிப்பவருக்கு அது போதும். தனியாவர்த்தனம் தொடங்கிவிட்டார்.

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "சார், இந்த நாலு வரி இணைப்புல இல்லையே."

"மாத்திப் பாடுவா. அவ பழக்கம்."

"மரத்த மாத்துனா நான் விட்டுட்டேன். இது புதுசா சேக்கறது. அது வேற இது வேறன்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான்." சங்கடத்தோடு மெயின் சுவிட்ச் பக்கம் நின்ற காவலாளியைத் திரும்பிப் பார்த்தார். "நிறுத்தச் சொல்லவா சார்? நானா சொல்றதுக்கு முன்ன ஒங்ககிட்ட சொல்லிடறேன்."

மேடையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தாள். ஓராண்டு. அதற்குப் பிறகு அவள் கிட்டாரை விற்பாளா, கட்டிலுக்கு அடியில் தள்ளுவாளா என்று யோசித்தேன். என் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் என்ன செய்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"பதினாலாவது பத்தி" என்றேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நிகழ்ச்சி நடக்கும்போதே விண்ணப்பதாரர் அதிகாரியின் முன்னிலையில் கையால் எழுதி, மொழிபெயர்ப்போடு இணைப்பைத் திருத்தலாம். அந்தப் பத்தி எப்போதும் இருந்தது. கேட்டால் சொல்ல வேண்டும் என்பது நடைமுறை. யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

"அப்படி ஒன்னு இருக்கறதே மறந்துட்டேன் சார். சீக்கிரம் எழுதுங்க. தப்பு நின்னா நான் முடிவெடுக்கணும்."

நாற்காலிக் கையில் தாளை வைத்துத் தமிழில் எழுதினேன். கீழே மலாயில் எழுதினேன். மொழிபெயர்ப்பதற்கு அதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. இருந்தும் கிறுக்கலான என் எழுத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

அதிகாரி படித்துப் பார்த்தார். "நிஜ ஆளப் பத்துன வரின்னா அந்தக் கட்டத்த நிரப்பணும். கற்பனைன்னு போட்டுட்டா இதோட முடிஞ்சிரும் சார்."

முடித்திருக்கலாம். பல்லாயிரம் படிவங்களில் பலர் அப்படித்தான் முடித்திருப்பார்கள். நான் 'உண்மை' என்ற கட்டத்தில் சரிக்குறி போட்டேன். அடுத்த கட்டம்: இறந்தவராயின் வாரிசுகளின் ஒப்புதல். அதிலும் கையெழுத்துப் போட்டேன்.

அவர் குரல் தாழ்ந்தது. "ஒங்க அப்பாவா சார்?"

"ஆமா."

"நடந்ததுதானா? கேள்விப்பட்டதா?"

"சைக்கிள் முன்கம்பியில நான் உக்காந்திருந்தேன். எனக்கு ஏழு வயசு. எறங்கி உள்ள போகலாம்பான்னு கேட்டேன். மணிய அடிச்சுட்டு மிதிச்சுட்டார்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தப்புச் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் கேட்டதா என்றும் தெரியாது. அவர் படிவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரிசுகள்னு இருக்கு சார். எல்லாரும் போடணும்."

என் மறுபக்கம் உட்கார்ந்திருந்த தங்கையிடம், மிச்சமிருந்த ஒரே வாரிசிடம், தாளை நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு வரிகளையும் மெதுவாகப் படித்தாள். மேடையில் தப்பு தணிந்து பல்லவி திரும்ப வந்துவிட்டது.

"இத எழுத ஒங்களுக்கு இத்தன வருசமா, அண்ணே?"

பேனாவைப் பிடுங்கி, கட்டத்துக்கு வெளியே கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி வாங்கி, நேரத்தைக் குறித்து, எட்டாவது பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பினார். நானாக இருந்தால் கட்டத்துக்கு வெளியே போட்ட கையெழுத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.