முந்திரிக்காட்டில் சூனியக்காரி

ஜெயங்கொண்டம் கடைத்தெருவில் ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுக்கிறவள் சம்பூர்ணம். கணவன் போனபிறகு ஒண்டிக்கட்டை. யாராவது குரலை உயர்த்தினாலே அவளுக்கு நா வறண்டுவிடும். தப்பு யாருடையதென்று பார்க்காமல் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுவாள்.

பக்கத்து போட்டோ ஸ்டுடியோ ஆனி ரோஸ் ஒருநாள் போனில் சில மாதிரிப் படங்களைக் காட்டினாள். மேகலா டீச்சர், மகள் இதழினியின் பிறந்தநாளுக்கு மாயக்கதை மாதிரி படம் எடுக்கச் சொல்லியிருந்தாளாம். காட்டில் வழிதவறிய இளவரசி, அவளைப் பிடித்துவைக்கும் சூனியக்காரி. இளவரசிக்குத் தரையைக் கூட்டும் நெட் பாவாடை, சூனியக்காரிக்குக் கறுப்பு அங்கி. இரண்டையும் சம்பூர்ணம் ஆசையாகத் தைத்தாள். ஆனால் சூனியக்காரியாக நிற்கவேண்டிய மேகலாவின் நாத்தனார் படம் எடுக்கிற அன்றைக்கு வரவில்லை.

"நீங்களே நில்லுங்கக்கா. அங்கி ஒங்களுக்குச் சரியா இருக்கும்," என்றாள் ஆனி ரோஸ். சம்பூர்ணம் மறுக்காமல் அங்கியை மாட்டிக்கொண்டாள்.

ஊருக்கு வெளியே முந்திரிக்காடு. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சம்பூர்ணத்தின் கண்ணுக்குக் கீழே மை, தலையில் சடைபிடித்த விக். சில படங்கள் எடுத்தபிறகு, மறந்துவிட்ட கிரீடத்தை எடுத்துவர மேகலா ரோட்டில் நின்ற காருக்குப் போனாள். வெளிச்சம் நன்றாக விழும் இடம் தேடி ஆனி ரோஸ் மரங்களுக்குள் மறைந்தாள். அந்த நேரம் பார்த்து இதழினி காலில் முள் ஏறி வீறிட்டாள்.

சம்பூர்ணம் பிள்ளையை மடியில் போட்டு முள்ளைப் பிடுங்கினாள். நிமிர்ந்தால் சுற்றிலும் ஆட்கள். முந்திரிக்கொட்டை பொறுக்க வந்தவர்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று அந்த வாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது.

"யாரு புள்ள இது?" துரட்டி வைத்திருந்த ஒருவன் கேட்டான்.

"டீச்சர்..." என்று ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாள் சம்பூர்ணம்.

"மூஞ்சியப் பாரு! மயக்கித் தூக்க வந்திருக்கா. மரத்துல கட்டுங்கடா!"

ஒருத்தி பிள்ளையைப் பறித்தாள். இதழினி இன்னும் பலமாக அழுதாள். யாரோ விக்கைப் பிடித்து இழுக்க, அதோடு சேர்த்துக் கொண்டையூசி மாட்டியிருந்த சொந்த முடியும் பிய்ந்து வந்தது. முதுகில் அடி விழுந்தது. அங்கியின் தையல் பிரியும் சத்தம் சம்பூர்ணத்துக்குக் கேட்டது. இங்கேயே செத்துப்போவோம் என்று நினைத்தாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்றும் ஏனோ நினைத்தாள்.

"விடுங்க! எம்புள்ளதாங்க அது! அவங்க எங்களோட வந்தவங்க!" மேகலா கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"நீ யாரு?" என்று அவளையும் மறித்தார்கள். பிள்ளை "அம்மா" என்று தாவிய பிறகுதான் பிடி தளர்ந்தது. ஆனி ரோஸ் மூச்சிரைக்க வந்து கேமராவில் இருந்த படங்களைக் காட்டினாள்.

"இதெல்லாம் சொல்லிட்டுச் செய்ய மாட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே கலைந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்றாள் மேகலா. சம்பூர்ணம் வேண்டாமென்று தலையாட்டினாள். அதன்பிறகு கடை வாசலில் பைக் வந்து நின்றாலே மிஷினில் அவள் கால் நின்றுவிடும்.

பள்ளி திறக்கும் சமயம் ஒருவன் சீருடைத் துணியோடு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். முந்திரிக்காட்டில் துரட்டி வைத்திருந்தவன். மை இல்லாத முகம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்கு அளவெடுக்கையில் சம்பூர்ணம் டேப்பை இரண்டுமுறை நழுவவிட்டாள்.

"என்னக்கா, காச்சலா?"

"ஆமாங்க," என்றாள். "வியாழக்கெழம வாங்க."

வியாழக்கிழமை அவள் கடையைத் திறக்கவில்லை. தைத்த சீருடையை ஆனி ரோஸிடம் கொடுத்து, அவன் வந்தால் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.