சாயமில்லாத பூ

ஈஸ்வரி பஞ்சைத் திரியாக முறுக்கி, இலைகள் கூடும் இடுக்கில் நுழைத்து, அங்கே தங்கிய நீரை ஒற்றி எடுக்கிறார். ஒரு செடி முடிந்ததும் அடுத்தது. தூறல் விட்டு விட்டுப் பெய்கிறது, அவர் விடுவதில்லை. "குருத்துல தண்ணி நின்னுச்சுன்னா அவ்ளோதாங்க," என்கிறார் செடிகளைப் பார்க்க வந்திருக்கும் என்னிடம், தலை நிமிராமல்.

மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் அவருக்கு ஒரு தையல் கடை. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். வீட்டுக்குப் பின்னால் பச்சை நிழல்வலைக் கொட்டகை. அதற்குள் தொட்டி தொட்டியாக ஸ்லிப்பர் ஆர்க்கிட். பூவின் கீழிதழ் செருப்பின் முன்பக்கம்போலக் குழிந்திருப்பதால் அந்தப் பெயர். தெருக்காரர்களுக்கு அது செருப்புப் பூ. யாராவது மூக்கைச் சுளித்து அப்படிச் சொன்னால், அவர்களுடைய ஜாக்கெட் ஒரு வாரம் தாமதமாகத்தான் கிடைக்கும்.

"வூருல யாருகிட்டயும் இல்லாத கலரு வேணும்னு துணி தூக்கினு வருவாங்க. அந்தப் பைத்தியம் எனக்குப் பூவுல."

வாணியம்பாடியில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மர்யமுக்கும் அதே பைத்தியம். ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமானவர்கள் இருவரும். சேர்ந்து, வடகிழக்கு மாநிலம் ஒன்றின் பண்ணையிலிருந்து நாற்றுகளை வரவழைத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். மர்யமின் பங்கு மொட்டைமாடி வெயிலில் கருகியது. ஈஸ்வரியின் பங்கு சில வருடங்கள் கழித்துப் பூத்தது. எல்லாம் வழக்கமான கருஞ்சிவப்புக் கோடுகளோடு. ஒன்று மட்டும், சிவப்பின் சாயலே இல்லாமல், வெள்ளையும் இளம்பச்சையுமாக விரிந்தது.

"சாயம் போன பூ," என்றார் கணவர்.

மர்யமுக்குத் தெரியும், இப்படி ஒன்று பூப்பதைப் பார்க்காமலே பல சேகரிப்பாளர்களின் ஆயுள் முடிந்துவிடும் என்று. ஈஸ்வரி அனுப்பிய படத்தைப் பார்த்த அன்றே பஸ் ஏறி வந்தார். தொட்டிக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. பிறகு, செடியின் பக்கத்தில் கிளைத்திருந்த கன்றைக் காட்டி, "இத எனக்குக் குடுக்கா," என்றார்.

"அடுத்த வருசம் பாக்கலாம் மர்யம். இன்னும் வேர் புடிக்கல."

வேர் பிடித்திருந்தது. இதை ஈஸ்வரியே என்னிடம் சொன்னார். "ரெண்டு பேருகிட்ட இருந்தா அப்புறம் அது இன்னாங்க அபூர்வம்?"

போன புயலின்போது லைனிங் துணி வாங்கப் போளூருக்கு இறங்கியிருந்தார். மலைப்பாதையில் மரங்கள் சாய்ந்து பஸ் நின்றுபோனது. தங்கை வீட்டில் தங்கிவிட்டு ஊர் திரும்பியபோது காற்று வலையைக் கிழித்திருந்தது. வெள்ளைப்பூச் செடியின் குருத்தில் மழைநீர் தேங்கிப் பழுப்பேறி நாற்றமடித்தது. இலையைத் தொட்டார், கையோடு வந்துவிட்டது. கன்றும் அழுகியிருந்தது.

மர்யமிடம் சொல்லவில்லை. வெள்ளை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கும்போதெல்லாம் "நல்லா கீது" என்றார். முன்பு எடுத்த படங்களையே வேறு வேறு விதமாக வெட்டி அனுப்பினார். "தெரிஞ்சா அவ உள்ளுக்குள்ள சந்தோசப்படுவா. அது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்."

நான் கொட்டகையில் இருந்தபோதே அலைபேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வர்றேன். இந்தத் தடவ கன்னு குடுத்துடணும், ஆமா."

ஈஸ்வரி பஞ்சுத் திரியைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, "அது செத்துப்பூட்ச்சி மர்யம்," என்றார். "புயல்லயே. உங்கிட்ட பொய் சொல்லினு இருந்தேன்."



"அன்னிக்கே குடுத்திருந்தா, ஒண்ணாவது..." மர்யம் முடிக்கவில்லை. "சரிக்கா. வெச்சிடறேன்."

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஈஸ்வரி அலைபேசியை ஜாக்கெட்டுக்குள் செருகினார். இருப்பதிலேயே பெரிய செடியின் தொட்டியைத் தேடி எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார். மண்ணும் கரித்துண்டுகளும் உதிர, வேர்க்கட்டு முழுதாகக் கையில் வந்தது. நீண்ட காம்பின் நுனியில் மொட்டு ஒன்று விரியும் தறுவாயில் இருந்தது.

"இப்போ பிரிச்சா மொட்டு உதிர்ந்துடுமே," என்றேன்.

"உதிர்ந்தா உதிரட்டுங்க. பாதி மர்யமுக்கு," என்று அவர் இரண்டு கட்டைவிரல்களையும் வேருக்குள் ஊன்றி, செடியை இரண்டாகப் பிளந்தார்.