என் கால்கள் சொன்ன பொய்

வயலுக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டால் எனக்கு ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வருகிறது. வரப்பில் வக்கடையை (தண்ணீர் பாய வெட்டிவிடும் வாய்) மண்வெட்டியால் ஒருமுறை கொத்தித் திறந்ததும் முதலில் ஒரு விக்கல் கேட்கும். பிறகு தொண்டை திறந்தாற்போல் ஒரு களகளப்பு. மற்றவர்களுக்கு அது விதைப்புக் காலம். எனக்கு அது ஆண்கள் வார்டில் ஒரு கட்டில், கையில் ஏறிக்கொண்டிருந்த மருந்துப் போத்தல், அதை அண்ணாந்து பார்த்தபடி ஒரு மனிதர் சொன்ன வார்த்தை:

"வக்கடை சின்னன். ஆனாத் தண்ணி ஒழுங்காப் போகுது. பயப்படாதீங்க."

இதே நோயில் படுத்திருப்பவர்களுக்கும் அவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேறு சிலருக்காகவும். அவர்கள் யாரென்று வாசிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

காலில்தான் தொடங்கியது. சில நாள் வயிற்றோட்டம் இருந்து நின்று, பத்து நாள் போயிருக்கும். சாய்ந்தமருதுக் கடற்கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மணல் இல்லை. கால் மணலில்தான் இருந்தது, கண் பார்த்தது. விரல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. அடுத்த நாள் முழங்கால் வரை எறும்பு ஊர்ந்தது. மூன்றாம் நாள் கல்முனைக்குப் போக பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினேன். கால் எழும்பவில்லை.

"காக்கா, ஏறுறதா இல்லியா?" என்றான் கொண்டக்டர்.

"ஏறத்தான் நிக்கன்."

பஸ் போய்விட்டது. நான் ஏறுகிற பாவனையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஓரிடத்தில் இருக்க முடியாதவன். ஐம்பத்தொரு வயது. டோஹாவில் நாலு வருடம், கொழும்பில் ஏழு வருடம், பிறகு கல்முனையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை. பின்னேரமானால் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கால் போகிற இடமெல்லாம் நடப்பேன். எழுதுவதெல்லாம் நடையில் வந்தவைதான். கதிரையில் உட்கார்ந்து ஒரு வரியும் எழுதியதில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போவான். அப்படிப் போகாதவனுக்கு வீடென்று ஒன்றில்லை, ஓர் அறை இருக்கும். எனக்கு ராத்தா (அக்கா) வீட்டு மாடியில் ஓர் அறை.

கட்டிலருகே அந்த வார்த்தை சொன்ன மனிதரைப் பெயர் சொல்லி எழுதமாட்டேன். சவளக்கடைப் பக்கத்து வயற்கண்டம் ஒன்றுக்கு வட்டவிதானை (எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை பார்ப்பவர்). ஊரே அவரை விதானையார் என்பதால் நானும் அப்படியே. ஐம்பத்தாறு வயது, மனைவி மௌத்தாகி (இறந்து) ஆறு வருடம். வீடு மகளுக்குப் போய்விட்டது. அவருக்கு அந்த வீட்டு விறாந்தையில் ஒரு கட்டிலும், வயலில் ஒரு வாடியும் (காவலுக்குக் கட்டிய சிறு குடில்) மிச்சம். நோய்க்கு இரண்டு வருடம் முன்னர் கன்னக் கூட்டத்துக்கு (போகத் தொடக்கத்தில் விவசாயிகள் கூடும் கூட்டம்) நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்கு வந்தார். அவர் எழுதி வந்த பதினேழு வரியை நான் ஐந்தாக்கினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மெதுவாக வாசித்தார்.

"நல்லாத்தான் இரிக்கி. ஆனா இவ்வளவு சுருக்கினாத் தண்ணி வராது எண்டு நினைப்பானுகள்."

"தண்ணி வரும் எண்டு எழுதியிருக்கே, விதானையார்."

"எழுதினா வந்திருமா?" என்று சிரித்தார். அவர் சிரித்து முடிக்க நேரமெடுக்கும். அதுவரை நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் நான் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நோட்டீஸ் இல்லாத நாளிலும் வந்தார். நான் நடக்கிற திசை சவளக்கடைப் பக்கம் திரும்பியது. இதற்குமேல் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒன்றாக இருக்க எங்களுக்கு ஓரிடமும் இல்லை. வரப்பில் முன்னும் பின்னுமாக நடந்தோம், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், பெண் பிள்ளை, சிறு சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் உதைக்கவில்லை. மறுபடி தட்டினார். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கில்லன்-பாரே. (கிருமியை எதிர்க்க எழும்பிய உடம்பின் காவற்படை, தவறுதலாக நரம்புகளின் உறையையே தாக்குவது.)

"அநேகமான ஆக்கள் திரும்ப நடப்பாங்க. ஆனா எப்ப எண்டு என்னைக் கேக்காதீங்க. அவசரப்படுற ஆளா நீங்க?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குத்தான் கஷ்டம்."

ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் நிற்கலாம். மச்சானுக்குச் சீனி வருத்தம் (சர்க்கரை நோய்), ராத்தாவின் மகன் கட்டாரில். ராத்தா கையைப் பிசைந்தபடி நின்றாள். என் போனில் ஓர் இலக்கத்தைக் காட்டி எடுக்கச் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலத்தில் விதானையார் வந்து சேர்ந்தார். காற்சட்டை போடத் தெரியாத மனிதர், சாரத்தோடு, காலில் காயாத சேறு. துணையாள் அட்டையில் 'உறவுமுறை' என்ற இடத்தில் தாதி பேனையை வைத்துக் காத்திருந்தாள்.

"தெரிஞ்சவர் எண்டு போடுங்க மகள்," என்றார்.

ராத்தாவுக்கு அவர் புதிர்தான். "நோட்டீஸ் அடிக்க வந்த மனிசன் என்ட தம்பிட சலத்தையும் எடுத்து ஊத்துறார். அல்லாஹ்தான் அவருக்குக் கூலி குடுக்கணும்," என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொன்னாள். நான் சுவரைப் பார்த்தேன். கழுத்தைத் திருப்ப மட்டும் அப்போது முடிந்தது.

மூச்சுத் தசைகளையும் நோய் தொடுகிறதா என்று பார்க்க அவர்களிடம் ஓர் எளிய வழி இருந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, அந்த ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறோம் என்று பார்ப்பது. முதல் நாள் முப்பத்தொன்று வந்தது. அடுத்த நாள் பத்தொன்பது. அதற்கடுத்த நாள் பதினாலில் நின்றுவிட்டது. டொக்டர் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொண்டு போனார். என் கண்ணைப் பார்த்துவிட்டு விதானையார் தானும் மூச்சை இழுத்து எண்ணத் தொடங்கினார். பதினாலில் நிறுத்தி, இருமினார்.

"எனக்கும் பதினாலுதான் வருது. வயசு போனா அப்பிடித்தான்."

மேல் வாய்க்காலில் நின்று கீழ்க் கண்டத்துக்குக் கேட்கக் கூப்பிடுகிறவர் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை.

ஐந்து நாள் மருந்து ஏறியது (பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்). பதினொன்று வரை இறங்கிய எண், அங்கேயே நின்றது. பிறகு பதின்மூன்று, இருபது. அந்த நாட்கள் ஒரு கனவைப்போல் எனக்குள் மிதக்கின்றன. ஜன்னலில் வேப்ப மரம். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரிக்கிறார். வார்டே பார்க்கிறது, எவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நோயாளிக்கும் துணையாளுக்கும் நடுவில் உள்ளதை ஊர் கேள்வி கேட்பதில்லை. இரண்டு வருடமாக எங்களுக்குக் கிடைக்காத அனுமதிச் சீட்டை ஒரு நோய் கொண்டுவந்து தந்தது. அந்தக் கட்டிலில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்புங்கள்.

துண்டு வெட்டி (ஆஸ்பத்திரியிலிருந்து விடுவித்து) வீட்டுக்குப் போகச் சொன்னபோது நிற்க முடியவில்லை. ராத்தா வீட்டில் அவள் மகளின் கல்யாணத்துக்காகச் சுவர் இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் அறைக்கு மாடிப்படி. விதானையார் செருமிக்கொண்டு சொன்னார்:

"வாடியில இரிக்கட்டும். சீமெந்து நிலம், கக்கூசும் கிடக்கு. நான் பாக்கன்."

"உங்களுக்கு வயல் வேலை?" என்றாள் ராத்தா.

"தண்ணி அது பாட்டில வரும், நான் இவரப் பாக்கன்."

அப்படித்தான் விதைப்பிலிருந்து கதிர் பழுக்கும் வரை அந்த வாடியில் இருந்தேன். விடியலில் பனி வயலின் மேல் நிற்கும்; கொக்குகள் அதற்குள் கால் வைத்து நடக்கும். அவர் கண்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, பிளேன்டீ ஊற்றி, என்னைத் தூக்கி உட்கார வைப்பார். கால் விரல் இடுக்குகளைத் தன் சாரத் தலைப்பால் துடைப்பார். உணர்ச்சியில்லாத காலில் காயம்பட்டால் தெரியாது, தினமும் பார்க்க வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கூடாது. இது டொக்டர் சொன்னது, நீங்களும் மறக்காதீர்கள். ஒரு நாள் என்னை வாய்க்கால் ஓரம் இருத்திக் காலைத் தண்ணீரில் விட்டார். சின்ன மீன்கள் வந்து கொத்தின. நான் கத்தினேன். கால் பெருவிரலில் ஒரு மீனின் வாய்! மாதங்களுக்குப் பிறகு என் உடம்பு எனக்குச் சொன்ன முதல் செய்தி.

கிளினிக்கில் இதைச் சொல்லி டொக்டரிடம் இருவரும் ஏச்சு வாங்கினோம்.

"எலிக்காய்ச்சலும் வரட்டும் எண்டு பாக்குறீங்களா? வயல் தண்ணியிலயா காலை விடுறது!" பிறகு சுத்தியலை எடுத்தார். கால் இலேசாக உதைத்தது. அவர் முகம் மலர்ந்தது. "இனித் தனிய நடந்து பழகணும். நடக்கத் தொடங்கினதும் வீட்டுக்குப் போகலாம், துணை தேவையில்ல."



இனி எழுதப்போவது நான் செய்த பிழை. அவர் கண்டம் சுற்றப் போயிருந்த ஒரு காலையில் வாசற்கதவைப் பிடித்து எழுந்தேன். விட்டேன். நின்றேன். புதிதாகச் சேறு மெழுகிய வரப்பில் அடுத்த வக்கடை வரை நடந்து, திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். அவர் வந்து, வழக்கம்போல் கையைக் கக்கத்துக்குள் கொடுத்து என்னைத் தூக்கினார். நான் கால்களைத் தொங்கவிட்டேன்.

பத்தொன்பது நாள் அப்படி. காலையில் இரகசியமாக நாலு எட்டு, மற்ற நேரமெல்லாம் படுக்கை. பார்க்க வந்த ராத்தாவின் முன்னால் முழங்காலை மடியவிட்டேன். அவள் அழுதாள். சுகமாகிவிட்டால் அந்த மனிதரின் அருகே இருக்க எனக்குக் காரணம் ஒன்றுமில்லை. அதற்காக என் கால்கள் பொய் சொன்னன.

இருபதாம் நாள் நேரத்தோடு விழித்தேன். கதவிடுக்கால் பார்த்தேன். விதானையார் வரப்பில் குந்தியிருந்தார். மண்வெட்டியின் முதுகால், முந்தைய நாள் நான் பதித்த காலடிகளை ஒவ்வொன்றாகத் தடவி மூடிக்கொண்டிருந்தார். தினமும் வரப்புப் பார்க்கிறவருக்கு, ஈரச் சேற்றில் எந்தக் கால் போனதென்று தெரியாமல் போகுமா? நான் யோசிக்கவேயில்லை.

வெளியே வந்தேன். நடந்துதான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"முதல் நாளே."

"பிறகேன் மூடினீங்க?"

"பக்கத்து வயற்காரன் கண்டா உங்கட ராத்தாட்டப் போய்ச் சொல்லுவான்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே."

"கேட்டா நீங்க போகணும். தூக்கிற வரைக்கும் தூக்குவம் எண்டு நினைச்சன்." மண்வெட்டியைக் கீழே வைத்தார். என் கெண்டைச் சதையைக் கையால் அளந்து பார்த்தார். "ஆனா இது வத்திட்டுப் போகுது. நடக்காட்டி வத்தும் எண்டு அந்தப் புள்ள சொன்னதுதானே? எனக்காகக் காலைக் கெடுத்துப் போடாதீங்க. அது எனக்கு ஹறாம்."

இடுப்பு மடிப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார். ராத்தாவின் இலக்கத்தை நானே அழுத்தினேன்.

இன்று என் உடம்பு பழைய உடம்பில்லை. கால் விரல்களில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஓடி பஸ் பிடிக்க முடியாது. ஒன்று போனால் அடுத்தது வரும் வரை நிற்கிறேன், நிற்பது பிடித்திருக்கிறது. நேரமும் மாறிவிட்டது. முன்பு அது எனக்கு முன்னால் ஓடும் தெரு. இப்போது வயலில் நிற்கும் தண்ணீர் மாதிரி, போவது தெரியாமல் போகிறது. கதைத்துக்கொண்டிருக்கும்போதே முழங்காலில் கை வைத்துப் பார்க்கிறேன், இருக்கிறதா என்று. சில நாட்களில் ராத்தாவின் புதுப் படியில் என் செருப்பிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்து கிடக்கும். அவள் கூட்டித் தள்ளுவாள். கேட்பதில்லை.

படுத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான்: உங்களைத் தூக்குகிற கைக்காகவேனும் எழும்புங்கள்.

போன் எடுத்த அன்றே ராத்தா ஆட்டோவில் வந்தாள். நான் வாடியிலிருந்து றோட்டு வரை வரப்பில் தனியே நடப்பதைப் பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். விதானையார் என் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், பிடிக்காமல். ராத்தா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பையை வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தார். கதிர்கள் பழுத்து வளைந்திருந்தன. ஆட்டோ உறுமிக்கொண்டு நின்றது.

அவருக்கு மட்டும் கேட்கக் கேட்டேன்:

"இனி நான் என்னத்தச் சொல்லிட்டு வாறது, விதானையார்?"

அவர் நேரமெடுத்தார். எப்போதும்போல நான் காத்திருந்தேன்.

"ஒண்டும் சொல்லத் தேவையில்ல," என்றார். "சும்மா வாங்க."