பறிக்காத கொழுந்து

இலங்கையின் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர் பேச்சாயி. அரசாங்கம் திடுதிப்பென்று இரசாயன உரத்தைத் தடை செய்தது. கொழுந்து குறைந்து, வேலை நாளும் குறைந்தது. பிறகு டொலர் தேடி நாடு உல்லாசப் பயணிகளைக் கூவி அழைக்க, எல்ல நகருக்குப் பக்கத்து ஹோட்டலொன்று பேச்சாயியைக் கூப்பிட்டது.

தோட்டத்தில் முதுகில் தொங்கியது பழைய உரச்சாக்கு. இங்கே புதுச் சேலை, பிரம்புக் கூடை. வெள்ளைக்காரர்கள் படம் பிடிக்கத் தேயிலைக்குள் நிற்பதுதான் வேலை.

முதல் நாள் பழக்கதோஷத்தில் கை ஓடி, வெயில் ஏறுமுன் கூடை நிறைந்துவிட்டது. மானேஜர் பதறி ஓடிவந்தார்.

"ஐயோ, பறிக்காதீங்கம்மா! இருக்கிறதே நாலு வரிசை. நாளைக்கும் ஆள் வருமே!"

அன்றிலிருந்து பேச்சாயி விரலை மட்டும் அசைக்கிறார்.

"முப்பது வருசம் பறிச்சேன், லயத்து வீட்டுக்கு ஒரு கூரைத் தகரம் மாத்த முடியல. பறிக்காம நின்னேன், மாத்திட்டேன்" என்கிறார்.