ஆங்கர் ஹோட்டலின் இரண்டு பெட்டிகள்

“ட்டூ... ட்டூ... ட்டூ...” என்று மைக்கில் சொல்லிவிட்டு, சவுண்ட் மகேன் வலது காதை ஸ்பீக்கர் பெட்டிப் பக்கம் சாய்த்துக்கொண்டு நின்றார். ‘ஒன்’ சொல்ல மாட்டார். ‘ஹலோ’ அவர் வாயில் வராது. ஹலோ சொல்கிறவர்கள் கல்யாண மண்டபத்து ஆட்கள், அசல் ராக் மேடையில் ‘டூ’ மட்டுந்தான் என்பது அவர் கட்சி. அவர் நின்றதும் சிட்னியின் புறநகரான கிரவீனில் ஒரு மண்டபத்து மேடைதான். முதுகுக்குப் பின்னால் தெர்மோகோல் மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. இன்னும் சற்று நேரத்தில், பூப்புனித நீராட்டு விழாப் பிள்ளை பல்லக்கில் வந்து இறங்கப்போகிறாள். இவற்றில் எதுவும் அவர் கட்சியை அசைக்கவில்லை.

பிள்ளையின் தாய் தர்சினி சேலைக் கொசுவத்தைப் பிடித்தபடி ஓடிவந்தாள்.

“மகேன் அண்ணை, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ. போனமுறை அக்காவின்ரை மகளின்ரை சடங்கில ஐயர் மந்திரத்தை நிப்பாட்டிப்போட்டு எழும்பிப் போகப் பாத்தவர்.”

“மெல்லமாக் கேக்கிறதெண்டால் உங்கட போனிலயே போட்டுக் கேக்கலாமே, தங்கச்சி. என்னை ஏன் கூப்பிட்டனீங்கள்?”

பல்லக்கு வந்தது. பாட்டின் முதல் அடியில் முன்வரிசை அன்ரிமாரின் கைப்பைகள் மடியில் துள்ளின. ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். மகேன் முகத்தில் மட்டும் தேர்த்திருவிழாக் களை.

முழுப் பெயர் மகேந்திரராஜா. வார நாட்களில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்துக்கு வான் ஓட்டுகிறார். ஊராரின் இரத்தத்தையும் சிறுநீரையும் சத்தமில்லாமல் ஏற்றி இறக்குகிற வேலை. அந்த மௌனத்துக்கெல்லாம் சனிக்கிழமையில் பழி வாங்குவார். முன்தலை வழுக்கை, பின்னால் எலிவால் போல ஒரு குடுமி. பட்டுச் சட்டைக்குள் எப்போதும் கறுப்பு டீசர்ட். இந்த வட்டாரத்தில் அவரைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஆள் கிடைக்காத வாரங்களில்தான் கூப்பிடுகிறார்கள். அவரோ தன் பெட்டிகளுக்காகக் கூப்பிடுவதாக நினைக்கிறார்.

பெட்டிகள் நெஞ்சளவு உயரம். விழாக்காரர்களின் கண் கூசாமலிருக்கத் தங்கநிற சாட்டின் துணியால் மூடி, மணப்பெண் தோழிகள் மாதிரி மேடையின் இருபுறமும் நிறுத்தியிருப்பார். துணியைத் தூக்கினால் சிகரெட் சுட்ட வடுக்கள், பெயரே கேள்விப்பட்டிராத இசைக்குழுக்களின் ஸ்டிக்கர்கள், ஒரு பூட்ஸ் உதைத்த பள்ளம். உதைத்தது யார் என்பது வருடத்துக்கு வருடம் மாறும். முதலில் ஒரு குடிகாரன் என்றார். பிறகு டிரம்ஸ்காரன். இப்போது பாடகியே உதைத்துவிட்டாள்.

இடது காது அவருக்குக் கேட்காது. அதைப் பதக்கம் போலக் காட்டுவார்: “இது ஆங்கரில குடுத்த காது.”

“ஆங்கரில இல்லை,” என்பாள் அவர் மனைவி யோகா. “பத்து வயசில கீரிமலைக் கேணியில தலைகீழாக் குதிச்சுப் போன காது. மாமியே சொன்னவ. எனக்கு ஆங்கர் எண்டால் பால்மாதான் தெரியும்.”

ஆங்கர் ஹோட்டல் சிட்னியின் உள்மேற்கில், ரயில் பாலத்தைத் தாண்டி ஒரு மூலையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய மகேன், பலகையில் ஹோட்டல் என்று போட்டிருப்பதைப் பார்த்து, சோறு இல்லாவிட்டாலும் பாணாவது கிடைக்கும் என்று உள்ளே போனார். இந்த நாட்டில் மதுக்கடைக்கும் ஹோட்டல் என்றுதான் பெயர். கிடைத்தது ஒரு கிளாஸ் குழாய்த் தண்ணீரும், நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கிய ஒரு பேஸ் கிட்டாரும். பசி மறந்துவிட்டதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு வெள்ளி தவறாமல் போனார். ஒரு பாட்டின் ஒரு வரிகூட இன்றுவரை தெரியாது. கேட்டால், “அதில வரி முக்கியமில்லை” என்பார்.

போனதன் காரணத்தை ஒரே ஒருமுறை, யோகாவிடம், கார் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லியிருக்கிறார்.

“சத்தம் கேட்டால் ஓடவேணும் எண்டுதானே நாங்கள் பழகினது. பங்கருக்கை போய்க் குந்தவேணும். அங்கை பாத்தா, சுவரே அதிருது, ஒருத்தரும் ஓடேல்லை. எல்லாரும் சத்தத்துக்குக் கிட்டப் போகினம். எனக்கு அது பெரிய அதிசயமா இருந்தது, யோகா.”

அடுத்த சிக்னலில் யோகா, “அதுக்காக ஐயரையும் கிட்டக் கூப்பிடாதேங்கோ” என்றாள்.

ஆங்கர் செத்த கதையும் உண்டு. முதலில் மேடை இருந்த இடத்தில் சூதாட்ட மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவையும் விளக்கு மின்னி இசை எழுப்பத்தான் செய்தன, ஆனால் யாரும் ஆடவில்லை. பிறகு பக்கத்தில் அடுக்குமாடி எழுந்தது. ‘இரவு வாழ்க்கை துடிக்கும் பகுதி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து வீடு வாங்கியவர்கள், இரவு வாழ்க்கை துடிக்கிறது என்று கவுன்சிலுக்கு முறையிட்டார்கள். கதவு மூடியது. தட்டுமுட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, மற்றவர்கள் கண்ணாடிகளையும் பியர் குழாய்களையும் அள்ள, மகேன் யாருக்கும் வேண்டாத இரண்டு பெட்டிகளை வானில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து பெட்டிகள் கராஜுக்குள், கார் வெயிலில்.

ஃபேஸ்புக்கில், மூடிப்போன பப்களுக்காக அழுகிறவர்களின் குழு ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பாலும் வழுக்கை விழுந்த வெள்ளைக்காரர்கள். தரைவிரிப்பு செருப்பில் ஒட்டிய சுகத்தையும், கதவில்லாத கழிப்பறையையும், பிளாஸ்டிக் கோப்பையின் வெதுவெதுப்பான பியரையும் நினைத்துத் தினமும் உருகுகிறார்கள். இவ்வளவு பேரும் அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு பியர் கூடுதலாக வாங்கியிருந்தால் ஆங்கர் மூடியே இருக்காது. மகேனும் குறைந்தவரில்லை. ஊரிலிருந்து தங்கைமாரை இங்கே கூப்பிடக் காசு சேர்த்த காலம் அது. அங்கே அவர் குடித்ததெல்லாம் குழாய்த் தண்ணீர். ஒட்டுகிற தரைவிரிப்புக்காக இன்று கண் கலங்குகிறவர், தன் வீட்டு ஹாலுக்குள் செருப்போடு வந்தால் பேரப்பிள்ளையையே திருப்பி அனுப்புவார்.

அந்தக் குழுவில் அவர் போட்ட பெட்டிப் படத்தைப் பார்த்துத்தான் ஸ்ரீகாந்த் கிரவீனுக்கு வந்தான். சென்னைப் பையன், ஸ்ட்ராத்ஃபீல்டில் குடியிருக்கிறான். உணவகங்களுக்கும் மதுக்கடைகளுக்கும் உள்அலங்காரம் செய்கிற தொழில். அதிலும் புதுச் சுவரைப் பழைய சுவராக்குவதில் விசேஷத் தேர்ச்சி.

“ஆங்கர் திரும்ப வருது, அங்கிள். அதே பேரு, அதே இடம். எல்லாமே ஆத்தென்டிக்கா இருக்கணும்னு ஓனர் சொல்லிட்டார். இந்த ரெண்டு பாக்ஸும் கெடச்சா வேற லெவல்!”

மகேனின் கேட்கிற காதில் விழுந்தது ‘திரும்ப வருது’ மட்டுந்தான்.

“காசு கீசு வேண்டாம், தம்பி. ஒரேயொரு கொண்டிசன். பெட்டியைக் கொண்டுவந்து வைக்கிறதும் நான், சவுண்ட் செட் பண்ணுறதும் நான்.”

“கண்டிப்பா, அங்கிள்,” என்றான் ஸ்ரீகாந்த், பூட்ஸ் பள்ளத்தைப் பல கோணங்களில் படம் எடுத்தபடி.

அடுத்த நாளிலிருந்து மகேன் விழாக்களை மறுக்கத் தொடங்கினார். கோயில் திருவிழாவுக்குக் கேட்டவர்களிடம், “பெட்டி இனி வெளியில வராது, அது தன்ரை வீட்டை போகுது” என்றார். உட்புற வயர்களைப் புதிதாக மாற்றினார். வெளியழுக்கை மட்டும் ஈரத்துணிகூடப் படாமல் காப்பாற்றினார். போகிற அன்று கறுப்பு டீசர்ட்டை அயர்ன் செய்துகொண்டு நின்றவரை யோகா கதவில் சாய்ந்து பார்த்தாள்.

“மகளைக் கட்டிக்குடுக்கேக்கயும் இவ்வளவு ஆயத்தம் இல்லையப்பா.”

“அவ திரும்பி வருவா எண்டு தெரியும்தானே.”

ஆங்கரின் செங்கல் முகப்பு அப்படியே இருந்தது. பாரம்பரியச் சின்னம் என்று அதை மட்டும் விட்டுவைத்து, பழைய முகத்தைப் புது உடம்புக்கு மாட்டியது போல அதன் பின்னால் அடுக்குமாடியை எழுப்பியிருந்தார்கள். மதுக்கடை தரைத்தளத்தில். மகேன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தரையில் பியர் சிந்திய கறைகள் பளிங்கின் மேல் அச்சிடப்பட்டிருந்தன. கழிப்பறைச் சுவர் முழுக்கக் கிறுக்கல்கள், எழுத்துப் பிழை ஒன்றில்லாமல். மூலையில் எரிந்த மெழுகுவர்த்தியின் லேபிளில் ‘பழைய பப்’ என்று வாசனையின் பெயர். கேலி செய்ய எல்லா வசதியும் இருந்தது. மகேனோ பூரித்துப்போனார். “அச்சொட்டா அப்பிடியே!” என்று மூன்று அறைகளுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பிற்பகல். கடை இன்னும் திறக்கவில்லை. மேடை இருந்த மூலையில் பெட்டிகளை நிறுத்தி வயரைச் செருகிக்கொண்டிருந்தபோது ஸ்ரீகாந்த் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். அதில் பச்சைப் பசேலென்று தொட்டிச் செடிகள், மேலே ஒரு ஸ்க்ரூட்ரைவர்.

“கனெக்‌ஷன் எல்லாம் எதுக்கு, அங்கிள்? உள்ள இருக்கறத எடுத்துட்டு ஃபெர்ன் வைக்கப்போறோம். அந்த ரவுண்டு ஓட்டை வழியா இலை வெளிய தொங்கும். செமயா இருக்கும்.”

“எதுக்குள்ளை?”

“பாக்ஸுக்குள்ளதான்.”

“அப்ப பாட்டு?”

“சீலிங்ல குட்டி ஸ்பீக்கர் இருக்கு. பேசறது கேக்கற அளவுக்கு. அதுக்கு மேல பில்டிங் ரூல்ஸ் விடாது. மேல இருக்கறவங்க ஏற்கெனவே பயந்துபோய்க் கெடக்காங்க. போன வருஷம் பேஸ்மென்ட்ல விரிசல் விட்டு, எல்லாரையும் கட்டின துணியோட வெளிய அனுப்பிட்டாங்க. திரும்ப வர்றதுக்கே ரொம்ப நாளாச்சு.”

மகேன் செடிகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு வயரின் மறுமுனையையும் செருகினார்.

“ஒருக்கா. ஒரேயொருக்காப் போட்டுப் பாக்கிறன். பேந்து நீர் செடி நடும், வாழை நடும், என்னவும் செய்யும்.”

“அங்கிள், ப்ளீஸ், வேணாம்...”

“பாட்டுச் சத்தத்தில ஒருத்தரும் செத்ததில்லை, தம்பி.”

அவர் போட்டது, ஆங்கரில் வைத்து அவரே பதிந்த பழைய கசெட். முதலில் கூட்டத்தின் இரைச்சல், ஒரு கண்ணாடி உடையும் ஓசை. பிறகு பேஸ் கிட்டார் இறங்கியது. அலமாரியில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டின. செடிகள் தள்ளுவண்டியோடு நடுங்கின. நிறுத்தப் பாய்ந்த ஸ்ரீகாந்தின் கை வழியிலேயே நின்று, அவன் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டது. மகேன் கண்ணை மூடியிருந்தார். குடுமி தாளம் போட்டது. அச்சிட்ட கறைகளும் பிழையற்ற கிறுக்கல்களுமாக இருந்த அந்த இடம் கொஞ்ச நேரத்துக்கு உண்மையிலேயே ஆங்கராக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது பெரிய கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் தெரிந்தார்கள். மாடிப்படிக் கதவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரும் கடைப் பக்கம் திரும்பவில்லை. சவர நுரையோடு ஒரு கிழவர், ஒற்றைச் செருப்போடு ஒரு மாணவன், பூனைக் கூடையோடு ஒருத்தி. எல்லாரும் தெருவைக் கடந்து எதிர்ப்புறம் போய் நின்று, அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார்கள். கடைசியாக வெறுங்காலோடு ஓடிவந்த இளம்பெண் ஒரு கையால் குழந்தையின் முகத்தைத் தோளில் அழுத்தியிருந்தாள். மறு கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதன் வாயில் பாஸ்போர்ட்டுகளின் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன.

மகேன் சத்தத்தை நிறுத்தினார்.

“சாரி! வெறும் மியூசிக்தான்! பில்டிங் ஓகே!” என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு ஸ்ரீகாந்த் வெளியே ஓடினான். கிழவர் நுரையோடு திட்டினார். மாணவன் சிரித்தான். பூனைக்காரி யாருக்கோ போன் செய்தாள். மெல்ல மெல்ல எல்லாரும் படியேறினார்கள். குழந்தைக்காரி மட்டும் வரவில்லை. கட்டடம் ஓகே என்று சொல்கிறவர்களை அவள் முன்பும் கேட்டிருப்பாள். உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, மேலே தன் ஜன்னலையே பார்த்தபடி நின்றாள்.

மகேன் கண்ணாடியருகே போய் நின்று அந்தப் பெண்ணை வெகுநேரம் பார்த்தார். ஸ்ரீகாந்த் உள்ளே வந்து, “சொன்னேன்ல, அங்கிள்...” என்று தொடங்கினான்.

மகேன் திரும்பி வந்தார். முழங்கால் மடக்கென்று சொடுக்க, முதல் பெட்டியின் முன் குந்தினார். தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார்.

“உந்த ஸ்க்ரூட்ரைவரை ஒருக்காத் தாரும், தம்பி.”